ஹெல்மெட்டுக்கு எடுத்த வகுப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பச்சை ஸ்டிக்கரை ஹெல்மெட்டில் ஒட்டலாம் என்று யோசனை சொன்ன அறிவாளி நான்தான். வேறு யாரும் அதற்கு உரிமை கொண்டாட வரவில்லை. வந்திருந்தால் தாராளமாக விட்டுக்கொடுத்திருப்பேன். நானாக யோசித்து, மேலதிகாரி ஒப்புக்கொண்டு, மறுநாளே நடைமுறைக்கு வந்த யோசனை என் வாழ்நாளில் அது ஒன்றுதான். குக்கரை எந்த அடுப்பில் வைப்பது என்பதில்கூட என் மனைவி என்னிடம் யோசனை கேட்டதில்லை. அவள் எவ்வளவு விவரமானவள் என்பது பிறகுதான் புரிந்தது.

தொண்ணூறுகளின் பின்பாதி. மைசூருக்கு வடக்கே தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் கம்பெனி. பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கால்மிதி, வாஷர், சைக்கிள் பிரேக் கட்டை, அவ்வளவுதான் அங்கே செய்தார்கள். நான் பெர்சனல் டிபார்ட்மென்ட், அதாவது ஆட்கள் விவகாரம். டிபார்ட்மென்ட் என்றால் நான், ஒரு மேஜை, ஒரு டேபிள் ஃபேன். ஃபேன் தலையை ஆட்டும், மேஜை காலை ஆட்டும், மேனேஜர் எது சொன்னாலும் நான் தலையை ஆட்டுவேன். விஜயநகர் வாடகை வீட்டிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் போய் இந்த வேலையைச் செய்துவிட்டு வந்தேன்.

ரப்பர் பிசையும் மெஷினுக்கு மில் என்று பெயர். அதில் வேலை செய்தவர்கள் எல்லோரும் கான்ட்ராக்ட் ஆட்கள். தமிழ்நாட்டு எல்லையோரம் மார்டள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரி கூட்டி வந்த தமிழர்கள். தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஷீட் போட்ட வரிசை வீடுகளில் குடியிருந்தார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் விதைப்பு, அறுப்பு, கோயில் திருவிழா, காதுகுத்து என்று எது வந்தாலும் ஒருவன் மூட்டை கட்டிவிடுவான். ஆனால் தன் இடத்தைக் காலியாக விட்டுப் போகமாட்டான். தம்பியையோ மச்சானையோ சித்தப்பா மகனையோ பதிலுக்கு நிறுத்திவிட்டுத்தான் போவான். போனவன் திரும்பி வந்ததும் பதிலுக்கு வந்தவன் ஊருக்குப் போவான். அவர்களைப் பொறுத்தவரை அது நாணயம். மேஸ்திரிக்கு ஷிஃப்டில் தலை குறையாமல் இருந்தால் போதும். கம்பெனிக்கும் அதே போதும். யாருடைய தலை என்று ஒருவரும் கேட்டதில்லை.

இனி அந்த மில். இடுப்பு உயரத்தில் இரண்டு இரும்பு உருளைகள், ஒன்றையொன்று பார்த்து உள்நோக்கிச் சுழலும். இடையில் ரப்பரைத் திணித்தால் தகடாக இறங்கும். அதைக் கத்தியால் அறுத்து, மடித்து, மறுபடி திணிக்க வேண்டும். ரப்பரா கையா என்று அதற்கு வித்தியாசம் தெரியாது. அதனால் ஆள் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, கை எட்டும் உயரத்தில், குறுக்காக ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருப்பார்கள். பிடித்து இழுத்தால் உருளைகள் அந்த நொடியே நின்றுவிடும். மில்லில் நிற்பவன் வேறு எதைத் தெரிந்துகொள்ளாவிட்டாலும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒருநாள் பெங்களூரிலிருந்து, எங்களுக்கு ஆர்டர் கொடுக்க இருந்த கம்பெனிக்காரர்கள் சுற்றிப் பார்க்க வந்தார்கள். டை கட்டிய ஒருவர் மில்லுக்கு முன்னால் நின்று மேனேஜரிடம் கேட்டார். “இவங்களுக்கெல்லாம் சேஃப்டி டிரெயினிங் கொடுத்திருக்கீங்களா? யாருக்குக் கொடுத்திருக்கு, யாருக்குக் கொடுக்கலைன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை.

அவர்கள் போனதும் மேனேஜர் கூப்பிட்டார். கன்னடக்காரர். என்னிடம் தமிழையும் கன்னடத்தையும் சாம்பாரும் ரசமும்போல் கலந்து பேசுவார். “உங்க ஜனதானே ஸ்வாமி, நீங்களே சொல்லிக்குடுங்க.”

“எனக்கே டிரெயினிங் இல்லையே சார்.”

“உங்களுக்கு எதுக்கு? நீங்கதான் மெஷின் பக்கமே போகமாட்டீங்களே.”

இந்தத் துறையில் என் தகுதி, இரண்டு தடவை ஸ்கூட்டரிலிருந்து விழுந்தது. அதில் ஒருதடவை வண்டி நின்றுகொண்டிருந்தது. ஃபிட்டரிடம் போய், “மில்லில் ஒரே ஒரு விஷயம் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் எதைச் சொல்வீர்கள்?” என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மேலே கையைக் காட்டினார். சிவப்புக் கயிறு.

சாப்பாட்டுக்குப் பிறகு கேன்டீனில் வகுப்பு. சாப்பிட்ட மயக்கத்தில் பாதிப் பேருக்குக் கண் செருகியது. உத்தரத்தில் ஒரு சிவப்பு நைலான் கயிற்றைக் கட்டினேன். வரிசையாக அதன் கீழே வந்து நிற்க வேண்டும். நான் எதிர்பாராத நேரத்தில் “கை!” என்று கத்துவேன். நிற்பவன் துள்ளி இழுக்க வேண்டும். தூங்கி வழிந்தவர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் கயிற்றுக்குப் பதில் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். முன்பல் உடைந்த நெட்டை ஆள் ஒருவன் இழுத்த இழுப்பில் கயிற்றோடு உத்தரத்துக் காரையும் பெயர்ந்து என் தலையில் விழுந்தது.

“சார், நீங்களும் ஒரு ஹெல்மெட்டு மாட்டியிருக்கலாமுங்க” என்றான் அவனே.

“உன்னை ஊருக்கே திருப்பி அனுப்பிடுவேன், பாரு.”

“சார் கன்னடத்துல யோசிச்சுத் தமிழ்ல திட்டறாருங்க. அதான் ஒறைக்கவே மாட்டேங்குது.”

கேன்டீனே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். என் தமிழை அவர்கள் கிண்டல் செய்வது எனக்குப் பழகியிருந்தது. வகுப்பு முடிந்தபோது, தூக்கத்தில் எழுப்பிக் “கை!” என்று கத்தினாலும் அத்தனை பேரும் மேலேதான் கையைத் தூக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். அது நல்ல வகுப்பு. இந்தக் கதையில் மோசமான விஷயமே அதுதான்.

வகுப்புக்கு வந்தவர்களை எப்படி அடையாளம் காண்பது? ஃபோட்டோ ஒட்டிய கார்டு கொடுக்கலாம் என்று மேனேஜரிடம் முதலில் சொன்னேன். “இன்னைக்கு இருப்பானுங்க, நாளைக்கு ஊருக்கு ஹோகிடுவானுங்க. ஃபோட்டோ எதுக்கு ஸ்வாமி?” என்றார். அந்த வாக்கியத்தை அன்றே நான் நின்று கேட்டிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. கேட்கவில்லை. வாசலில் நின்ற என் ஸ்கூட்டரைப் பார்த்தேன். புகைச் சோதனை முடித்த வண்டி என்பதற்கு அடையாளமாக அதில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பளிச்சென்று மூளை வேலை செய்தது. வகுப்பு முடித்தவனின் ஹெல்மெட்டில் பச்சை ஸ்டிக்கர்! மேனேஜர் என் தோளைத் தட்டினார். நான் இரண்டு நாள் அந்தத் தோளை ஆட்டாமல் நடந்தேன்.

ஸ்கூட்டரும் ஸ்டிக்கரும் ஒன்றாகத்தான் போகும், வரும். ஆளும் ஹெல்மெட்டும் அப்படியா? எங்கள் ஹெல்மெட்டுகள் மில் ஷெட்டின் கேட்டுக்குப் பக்கத்தில் ஆணிகளில் தொங்கின. ஒரு ஷிஃப்டு கழற்றி மாட்டும், அடுத்த ஷிஃப்டு எடுத்துப் போட்டுக்கொள்ளும். ஊர்ப்பட்ட தலைகளின் எண்ணெயும் ஒவ்வொன்றிலும் ஊறியிருந்தது. வாட்ச்மேனுக்குக் கொடுத்த உத்தரவு சுலபமானது. பச்சை இருந்தால் உள்ளே விடு. அவரும் ஆளைப் பார்க்காமல் ஹெல்மெட்டை மட்டும் பார்த்து, குறுக்குக் கம்பியைத் தூக்கித் தூக்கி விட்டார். பெங்களூர்க்காரர்கள் மறுபடி வந்தபோது மில் முழுக்கப் பச்சைப் பொட்டு. மெச்சிவிட்டுப் போனார்கள். ஆர்டர் வந்தது.

சில வாரம் கழித்து அந்த நெட்டை ஆளின் குழந்தைக்கு ஊரில் காதுகுத்து. அவன் தன் தம்பியைப் பதிலுக்கு நிறுத்திவிட்டுப் போனான். தம்பி அதற்குமுன் தொழிற்சாலை எதற்குள்ளும் கால் வைத்ததில்லை. வந்த அன்றே ஆணியிலிருந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். பச்சை இருந்தது. கம்பி தூக்கப்பட்டது.

மறுநாள் காலை டீ முடிந்த நேரம். என் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். மில்லிலிருந்து வந்த சத்தம் மனிதனுடையது என்று புரியவே கொஞ்சம் நேரம் ஆனது. ஓடினேன். அவன் வலது கை விரல்கள் ரப்பரோடு உருளைக்குள் போய்க்கொண்டிருந்தன. பக்கத்தில் இருந்தவன் அவன் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தான். அவனும் பதிலுக்கு வந்தவன் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மாட்டிக்கொண்டவனின் இடது கை சும்மா இருந்தது. காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. சிவப்புக் கயிறு அவன் தலைக்கு ஒரு சாண் மேலே, அசையாமல்.

ஹெல்மெட்டில் பச்சையைப் பார்த்தேன். அப்பாடா, இவன் என் வகுப்பு என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். “கயிறு! தம்பி, கயிறு!” என்று கத்தினேன்.

அவன் தரையைப் பார்த்தான்.

கீழே எங்கோ கிடக்கிற ஒரு கயிற்றைத் தேடினான். என் வகுப்பில் இருந்த ஒருவன்கூடத் தரையைப் பார்த்திருக்கமாட்டான். நான் அங்கேயே நின்றுவிட்டேன். மறுகோடியிலிருந்து ஃபிட்டர் ஓடிவந்து கயிற்றை இழுத்தபோது உருளை மணிக்கட்டைத் தாண்டியிருந்தது.

வேன் அவனை ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனது. அதற்குப் பிறகு கேட்டுக்குப் பக்கத்தில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வரும்.

“ஆளைக் கொண்டுவந்தது நீ. புதுசுன்னு ஏன் சொல்லலை?” என்று மேனேஜர் மேஸ்திரியிடம் கத்தினார்.

“கொண்டாந்தது நானுங்க. உள்ள விட்டது உங்க கேட்டுங்க.”

வாட்ச்மேனும் கன்னடக்காரர். முன்னால் வந்தார். “பச்சை இத்து சார், இருந்துச்சு. பச்சை இருந்தா விடுன்னு ஹேளித்ரு, விட்டேன்.”

மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் அடிபட்டவனின் ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தேன். பழியைப் போட அதைத் தவிர வேறு யாரும் மிச்சமில்லை. அதற்கு வாய் இல்லாதது பெரிய குறை.

அன்று மாலை மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கத்தவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். அதிலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது.

“நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருவாரு. டிரெயினிங் எடுத்தவன், ஆனா கவனமா இல்லன்னு ஆச்சுன்னா, தப்பு அவனோடது. டிரெயினிங் இல்லாதவனை மில்லுல நிக்க வெச்சோம்னு ஆச்சுன்னா, தப்பு நம்மளது.”

“அவன் கிளாஸுக்கு வரலையே சார்.”

“வந்தான்னு சொல்லச் சொன்னேனா? பொய் பேடா ஸ்வாமி, பொய்யே வேண்டாம். ஹெல்மெட்ல ஸ்டிக்கர் இருந்ததா இல்லையா?”

“இருந்தது.”

“அதை மட்டும் சொல்லுங்க. அது நிஜம்தானே?”

நிஜம்தான். நான் கேட்ட நிஜங்களிலேயே அவ்வளவு அழுக்கான நிஜம் வேறு இல்லை. ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போது ஒத்திகை பார்த்தேன். ஸ்டிக்கர் இருந்தது சார். ஆமாம் சார், இருந்தது சார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் என் மேஜையும் ஃபேனும் பத்திரம். அவன் அஜாக்கிரதையாக இருந்த பயிற்சி பெற்ற தொழிலாளி ஆகிவிடுவான். வைத்தியத்துக்குப் பணமும் கிடையாது, பிழைப்புக்கு வழியும் கிடையாது, கம்பெனிக்கும் அவனுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒற்றைக் கையோடு மார்டள்ளி பஸ்ஸில் ஏற்றிவிட்டுவிடலாம். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. என்ன ஆச்சு என்று மனைவி கேட்டாள். சொன்னேன். “அப்போ நாளைக்கு அதைத்தான் சொல்லப் போறீங்களா?” என்றாள். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். வேர்வையைத் துடைத்துத் துடைத்தே அவர் கைக்குட்டை நனைந்திருந்தது. மேனேஜர் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பயிற்சி, வகுப்பு, ஸ்டிக்கர், தொழிலாளியின் கவனக்குறைவு. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டார். “கிளாஸ் எடுத்தது நீங்களா?”

“ஆமாம் சார்.”

“அந்த ஆள் கிளாஸுக்கு வந்தானா?”

“ஹெல்மெட்ல ஸ்டிக்கர் இருந்தது சார்.” ஒத்திகையில் வந்ததைவிடக் குரல் நன்றாகவே வந்தது.

அவர் எழுந்தார். வெளியே நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். கேட்டில் ஆணியிலிருந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டார். அது அவருக்குக் காதுவரை இறங்கியது. முன்னால் பச்சைப் பொட்டு. மில் பக்கம் நடந்தார். பாவம் வாட்ச்மேன், பழக்கதோஷம். பச்சையைப் பார்த்தார், கம்பியைத் தூக்கிவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வேறு யாரும் சிரிக்கவில்லை. வாட்ச்மேன் கம்பியைப் பிடித்தபடியே அழுகிற மாதிரி நின்றார். சிரிப்பு எந்த இடத்தில் வேறு எதுவாகவோ மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அடுத்து வந்த வாக்கியம் ஒத்திகையில் இல்லாதது.

“அவன் வரலை சார். நான் அவனை முதல்ல பார்த்ததே கை உள்ள போறப்பதான். கயிறுன்னு கத்தினேன். தரையைப் பார்த்தான்.”

மேனேஜர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஏதோ தூரத்தில் போகிற ஆளைக் கூப்பிடுவதுபோல இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அவர் நெற்றியில் எண்ணெய். மேனேஜர் பக்கம் திரும்பி, “மேஸ்திரி கொண்டுவந்தாலும், அண்ணனுக்குப் பதிலா வந்தாலும், மெஷின்ல நிக்கறவனுக்கு என்ன தெரியும்னு பார்க்க வேண்டியது நீங்க. தொப்பியை இல்லை, ஆளை” என்றார். அவ்வளவுதான். பிரசங்கம் செய்யவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார்.

வைத்தியமும் நஷ்டஈடும் கம்பெனியின் பொறுப்பு என்று முடிவாயிற்று. கை தேறினதும், அதாவது மிச்சமிருந்த கை, கேட்டில் ஒரு வேலை தருவதாக மேனேஜர் வாயால் சொன்னார். என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். அங்கே ஃபேன் கிடையாது. போவதற்கு முன் கடைசியாக ஒரு வேலை கொடுத்தார்கள். எல்லா ஹெல்மெட்டிலிருந்தும் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுக்கச் சொன்னார்கள். நல்ல பசை. பிளேடு, மண்ணெண்ணெய், நகம் எதற்கும் முழுசாகப் போகவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்ததில் அது ஒன்றுதான் உறுதியாக ஒட்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். மனைவி பழம் வாங்கிக் கொடுத்துவிட்டிருந்தாள். ஆண்கள் வார்டு கோடியில், ஜன்னல் ஓரக் கட்டில். தம்பி சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது கை முழங்கைக்குக் கீழே வெள்ளைத் துணிப் பந்தாக முடிந்திருந்தது. தரையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். என் தலையில் காரையைப் பெயர்த்த அதே நெட்டை ஆள். காதுகுத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். அன்றைக்கு அவன் என்னைக் கிண்டல் செய்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

“வாங்க சார்” என்றான். பிறகு, கேட்காமலே அவன்தான் பேசினான். “பஸ் ஏறும்போது எல்லாஞ் சொன்னனுங்க. சோறு எங்க, தண்ணி எங்க, மேஸ்திரி கோவக்காரன், எதுத்துப் பேசாதேன்னு எல்லாம். அந்தக் கயித்தை மட்டும் சொல்லலீங்க. நீங்க சொல்லிக்குடுப்பீங்கன்னு நெனச்சுட்டனுங்க.”

நான் பழப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். தம்பி சின்னப் பையன் இல்லை. கல்யாணமானவன், காதோரம் லேசாக நரை. என்னை யாரோ ஒரு ஆஸ்பத்திரி ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். நானே என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. கம்பெனியில் வகுப்பு எடுத்தவன் என்று சொன்னேன். அவன் தலையசைத்தான்.

எனக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது. அது பிறவிக் கோளாறு. விசாரணையில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். மேனேஜர் டீ கொடுத்தது, இன்ஸ்பெக்டர் ஹெல்மெட் மாட்டியது, வாட்ச்மேன் கம்பியைத் தூக்கியது. அந்த இடத்தில் அண்ணன் லேசாகச் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. ஸ்டோர்ஸுக்கு மாற்றியதையும் சொல்லாமல் விடவில்லை. கொஞ்சம் பாராட்டு எதிர்பார்த்தேன் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. கடைசியில் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, குரலைத் தாழ்த்தி, முக்கியமான விஷயத்துக்கு வந்தேன்.

“உனக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கலைங்கிறதை அதிகாரிகிட்ட வெளிப்படையாச் சொல்லிட்டேன்பா.”

அவன் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

“அது எனக்குத் தெரியுமுங்க.”